கம்பத்துப் படக்கடையும் எங்கள் ஸ்டோர்ச் சுவரும்

கம்பத்தில், கம்பம்மெட்டுச் சாலை பிரிகிற இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், பூச்சிமருந்துக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது அந்தப் படக்கடை. பெயர்ப்பலகையில் எழுத்து உதிர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ‘பிரேம் போடுகிற கடை’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கடையில் 9 சட்டங்கள் போட்டிருக்கிறேன். அவற்றுக்குள் 11 முகங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர்கூட என் வீட்டார் அல்லர். எல்லாரும் திரையிலும் தொலைக்காட்சியிலும் நாங்கள் பார்த்தும் கேட்டும் பழகி, அண்மைக் காலத்தில் இழந்துவிட்ட கலைஞர்கள். இத்தகைய தேவையோடு நல்ல கடை தேடுகிறவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நம்பி, அந்தக் கடையின் வேலையைப் பற்றி நிறையும் குறையுமாக எழுதுகிறேன்.

நான் தேனி மாவட்டத்துக் கூடலூரில் குடியிருந்து, குமுளிக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். பறித்து வந்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். அதை ஒட்டி ஓர் ஓய்வறையும், அதில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், எதிரே நீளமான வெறுஞ்சுவரும் உண்டு. காய் எடுக்க வரும் பெண்கள் பெரும்பாலும் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து அதிகாலை ஜீப்பில் மலையேறி வருகிற தமிழர்கள். மேற்பார்வையாளரும் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவரும் மலையாளிகள். முந்தைய இரவு பார்த்ததை மறுநாள் சோற்று நேரத்தில் இரண்டு மொழியிலும் பேசித் தீர்ப்பது அந்த அறையின் வழக்கம்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்துவந்த மாரிமுத்து, அந்தத் தொடருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்ற செய்தி, காய் நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. அந்தக் குணசேகரனை எங்கள் பெண்கள் திட்டாத நாள் கிடையாது. வீட்டுப் பெண்களை வாசற்படி தாண்ட விடாத அந்தப் பாத்திரத்தை, தம் வீட்டில் பார்த்த யாரையோ ஏசுவது போலவே ஏசுவார்கள். அன்றைக்குக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார்கள். மாரிமுத்து எங்கள் மாவட்டத்துக்காரர். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து சினிமாவில் இயக்குநராக வேண்டும் என்று சென்னைக்குப் போய், பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்து, 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ என்று இரண்டு படங்களை இயக்கியவர். நடிகராக அவரை ஊரே அறிந்தது அதற்குப் பிறகுதான். தொடரில் அவர் பேசியது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால்தான் அந்தக் கோபமும் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருடைய கோபமாகவே கேட்டது. நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த பெயரை அனுபவிக்க அவருக்குக் காலம் போதவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ‘கணக்குப்பிள்ளை, நல்லதா ஒரு படம் செஞ்சு கொண்டாங்க’ என்று என்னிடம் கொடுத்தார்கள். பெரிய நாயக நடிகர் இறந்தால் பேருந்து நிலையத்தில் அன்று மாலைக்குள் பிளக்ஸ் எழும்பிவிடும். மழையிலும் வெயிலிலும் ஒரு வாரத்துக்குள் வெளுத்துக் கிழிந்தும் விடும். குணச்சித்திர நடிகருக்கும் தொடர் நடிகருக்கும் அந்த ஒரு வாரமும் கிடைப்பதில்லை. பெண்கள் பிளக்ஸ் கேட்கவில்லை. கண்ணாடி போட்ட படம் கேட்டார்கள். அப்படித்தான் அந்தக் கடைக்கு முதன்முறை போனேன்.

கடைக்காரருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தந்தையிடமிருந்து தொழில் கற்றவர். கடையின் முன்சுவர் முழுக்கப் பென்னிகுவிக் படங்கள். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி 1895இல் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்த அந்த ஆங்கிலேயப் பொறியாளரின் படம் இங்கே சாமி படங்களோடு வீட்டிலும் கடையிலும் மாட்டப்படுவதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு பார்ப்பார்கள்; எங்களுக்கு அது இயல்பு. ஜனவரி 15ஆம் தேதி அவர் பிறந்தநாளுக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கடையில் வேறு வேலை வாங்குவது கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி கல்யாணப் படம், காதுகுத்துப் படம், இறந்தவர் படம் ஆகியவையே அன்றாட வரும்படி. நடிகர் படம் என்றதும் அவர் சிரிக்கவுமில்லை, விலையைச் சொல்லவுமில்லை. ‘எந்த மொகத்தோட நெனப்பிருக்கு தம்பி? அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க’ என்றார். இந்தக் கேள்விக்காகவே நான் வேறு கடைக்குப் போகாமல் இருக்கிறேன்.

என்னிடம் இருந்ததோ கைப்பேசிக்கு வந்த படம் ஒன்றும், தொடரின் காட்சியிலிருந்து பிடித்த படம் ஒன்றும்தான். 12க்கு 18 அங்குல அளவில் பெரிதாக வேண்டும் என்றேன். கணினியைக் கவனித்துக்கொள்ளும் அவருடைய மகள் படத்தைத் திரையில் விரித்துக் காட்டினார். அந்த அளவில் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 1800க்கு 2700 புள்ளிகளாவது படத்தில் இருக்க வேண்டும்; என் படத்தில் முகம் இருந்த பகுதியில் 400 புள்ளிகள்கூட இல்லை. அப்படியே பெரிதாக்கினால் கன்னமும் மீசையும் படிக்கட்டு படிக்கட்டாக உடையும் என்று காட்டியபோது எனக்கே புரிந்தது. பெரிய அச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவர்களோ படத்தைச் சிறிதாக அச்சிட்டு, சுற்றிலும் அகலமான மவுண்ட் அட்டை வைத்து, வெளிச்சட்டத்தை மட்டும் நான் கேட்ட அளவில் போட்டுத் தந்தார்கள். அச்சுக்கூலி குறைந்தது, முகமும் தெளிவாக நின்றது. பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்களுக்கும் அது மாரிமுத்துதான்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். படத்தைச் சுத்தம் செய்யும்போது கணினி முகத்தைத் தானாகவே வெளுக்க வைத்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, ‘நெறத்தத் தொடாத தாயி, வெயில் பட்ட மொகம்டா அது’ என்று மகளிடம் சொல்லிப் பழைய நிறத்துக்கே திருப்பச் செய்தார். வேறொரு கடையில் என் தந்தையின் படத்தை மாவு பூசியது போல் ஆக்கிக் கொடுத்து, அதைத் திருத்திக் கேட்டபோது முகம் சுளித்ததையும் நான் அனுபவித்திருக்கிறேன். ஆகவே படக்கடைக்கு மதிப்பெண் போடுவதென்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மலைக்குக் கொண்டுபோகும் படம் என்றதும் அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குமுளிப் பக்கம் ஜூனில் பிடித்த சாரல் மாதக்கணக்கில் விடாது, சுவர் வியர்க்கும். படத்தின்மேல் கண்ணாடி நேராகப் படிந்திருந்தால் ஈரம் நடுவே தங்கி, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். மவுண்ட் அட்டை அழகுக்காக மட்டுமல்ல, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுவதற்காகவும்தான் வைக்கப்படுகிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மரச்சட்டம் ஈரத்தில் உப்பி மூலை விரியும் என்பதால், மலைக்குச் செயற்கை மோல்டிங் சட்டமே போதும் என்றார். தேக்கு விலை அதிகம், இருந்தும் அதை விற்க முயலவில்லை. மூலைகளைச் சரிபாதிக் கோணத்தில் அறுத்து, பசையும் ஆணியும் இரண்டும் போட்டு இறுக்குகிறார். நகத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி தட்டுப்படுவதில்லை. பின்பக்க அட்டையின் ஓரம் முழுவதும் பழுப்புத்தாள் நாடா ஒட்டி மூடுகிறார். ராமபாணப் பூச்சி உள்ளே போகாது. இரண்டு சாரல் காலங்கள் கடந்தும் மாரிமுத்து படத்தில் ஒரு கறைகூட இல்லை.

படம் வந்ததும் பெண்கள் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும் என்றார்கள். மாரிமுத்துவோ சோதிடத்தை மறுத்துத் தொலைக்காட்சி மேடையிலேயே வெளிப்படையாகப் பேசியவர். அவருக்குப் பொட்டு வைப்பது சரியா என்று எனக்குத் தயக்கம். கடையில் படங்களுக்குச் சந்தன குங்குமத்தை அச்சிலேயே சேர்த்துத் தரும் வழக்கம் உண்டு. ஆனால் கேட்டால்தான் செய்கிறார்கள். முன்பே இதைப் பற்றிப் பேசியபோது கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: ‘கண்ணாடி மேல வச்சா தொடச்சுக்கலாம். படத்துல ஏத்திட்டா அவரு மொகத்துல நின்னுரும்.’ பெண்கள் கண்ணாடிமேல் வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறார்கள், திங்களன்று துடைத்துவிடுகிறார்கள்.

ஒரு படம் மாட்டியதும் ஒவ்வொருவரும் தம் மனத்தில் இருந்தவரைக் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்தது விவேக்கும் மயில்சாமியும். 2021 ஏப்ரல் 17இல் விவேக்கையும், 2023 பிப்ரவரி 19இல், சிவராத்திரி இரவு கோயிலில் கழித்துவிட்டு வந்த விடியலில் மயில்சாமியையும் இழந்தோம். ‘தூள்’ படத்தில் இருவரும் சேர்ந்து செய்த நகைச்சுவையை வரிக்கு வரி ஒப்பிக்கக்கூடிய ஒருவர் எங்கள் ஜீப்பில் வருகிறார். ஆகவே இருவரையும் பிரிக்காமல் ஒரே சட்டத்துக்குள் வைக்கக் கேட்டேன். ஒரே மவுண்ட் அட்டையில் இரண்டு திறப்புகள் வெட்டி, உள்விளிம்பைச் சாய்வாகச் சீவி, இரண்டு முகங்களும் ஒரே உயரத்தில் வரும்படி படங்களை அளவு மாற்றி அச்சிட்டுத் தந்தார்கள். விவேக்குக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மரக்கன்றோடு நிற்கும் படம். அப்துல் கலாமின் சொல்லை ஏற்று ஊர் ஊராக மரம் நட்டவரை அப்படி வைத்தது பொருத்தம்தான். என்றாலும், மயில்சாமி சிரிக்கிற படத்துக்குப் பக்கத்தில் விவேக்கும் சிரித்தபடியே இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சிறு குறை உண்டு. அதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மலையாள நண்பர்கள் கேட்டது இன்னசென்ட், மாமுக்கோயா இருவரையும். 2023 மார்ச் 26இல் ஒருவர், சரியாக ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 26இல் மற்றொருவர் என்று அடுத்தடுத்துப் போனவர்கள். இருவரும் நடித்த ‘நாடோடிக்காற்று’ 1987இல் வந்தது. துபாய்க்கு அழைத்துப்போவதாகச் சொல்லி இரண்டு இளைஞர்களைப் படகேற்றி, சென்னைக் கரையில் இறக்கிவிடுகிற கபூர்க்காவாக மாமுக்கோயா அதில் வருவார். பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போய் வருகிற எங்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்போடு வேறு ஏதோவும் சேர்ந்தே வரும். மாமுக்கோயா நடிப்பில் நிலைப்பதற்கு முன்னால் கோழிக்கோட்டுக் கல்லாயியில் மரம் அளக்கும் வேலை பார்த்தவர் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னதை நான் படக்கடையில் சொன்னேன். கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரர் உள்ளே போய், எந்தக் காலத்திலோ மிஞ்சிய தேக்குச் சட்டத்துண்டுகளை எடுத்துவந்தார். ‘மரம் அளந்தவருக்கு பிளாஸ்டிக் போட மனசு வரல’ என்று சொல்லி, ஈரம் ஏறாமல் இருக்க நான்கு பக்கமும் வார்னிஷ் இரண்டு தடவை பூசி, மோல்டிங் விலைக்கே செய்து கொடுத்தார். அந்தச் சட்டத்துக்குப் பொட்டும் இல்லை, பிளாஸ்டிக் மாலையும் இல்லை. அதைப் பற்றி அவர் என்னைக் கேட்கவும் இல்லை.

நெடுமுடி வேணு, கே.பி.ஏ.சி. லலிதா இருவருடைய படங்களும் அதே மாதத்தில் ஆனவை. வேணுவை ‘இந்தியன்’ படத்து அதிகாரி கிருஷ்ணசாமியாகவும் ‘அந்நிய’னிலும் எங்கள் பெண்கள் அறிவார்கள், லலிதாவை மலையாள நண்பர்கள் வழியாகத்தான் நானே சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டும் சாதாரண 10க்கு 12 அளவு. சொல்லத்தக்க குறை ஒன்றுமில்லை.

இளையராஜாவின் மகளும் பாடகியுமான பவதாரிணியின் படம் என் சொந்தச் செலவில் செய்தது. 2024 ஜனவரி 25ஆம் தேதி இலங்கையில் அவர் இறந்து, இரண்டு நாள் கழித்து உடல் எங்கள் ஊருக்கே வந்தது. கூடலூரை அடுத்த லோயர்கேம்பில், இளையராஜாவின் தாயாரும் மனைவியும் அடக்கமாகியிருக்கும் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். நான் தினமும் ஜீப்பில் கடந்துபோகிற வழி அது. ஜீப்பில் எல்லாரும் பேசிக்கொண்டு வந்தாலும் அந்த இடம் வரும்போது சற்றே பேச்சு அடங்கும், இப்போதும் அப்படித்தான். ‘பாரதி’ படத்தில் ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டுக்காகத் தேசிய விருது பெற்ற குரல் அது. மெல்லியதாக, குழந்தைக் குரலின் மிச்சம் இன்னும் போகாததாக, யாரையும் வெல்ல வேண்டும் என்ற நினைப்பே இல்லாததாக இருக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் இன்னும் எவ்வளவோ பாடியிருக்கலாம் என்பதுதான் எனக்கு அடங்காத ஆற்றாமை.

இந்தப் படத்தில்தான் கடை தவறியது. மவுண்ட் அட்டையின் அடியில் பெயர் பொறிக்கச் சொல்லியிருந்தேன். ‘பவதாரணி’ என்று பொறித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில்தான் பார்த்தேன். ஓர் எழுத்துதானே என்று விட எனக்கு முடியவில்லை. ஆளைக் காட்டி நிற்கப் போவது அந்த எழுத்துதான். மறுநாள் கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரரின் மகள் வாக்குவாதம் எதுவும் செய்யாமல், ‘என் தப்புதாண்ணே’ என்று வாங்கி வைத்து, புது அட்டை வெட்டிப் பொறித்து, காசு வாங்காமல் திருப்பித் தந்தார். அதன் பிறகு பெயரை நாமே தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். போகிறவர்கள் அதைப் பொறுமையாக எழுதிக்கொடுத்து, அச்சேறும் முன் ஒருமுறை படித்தும் பார்த்துவிடுங்கள்.

டெல்லி கணேஷுக்கு எந்த முகம் என்பதில் ஓய்வறையில் பெரிய பேச்சே நடந்தது. 2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு, 80 வயதில் காலமானார். நாயகனாக இல்லாமலே நூற்றுக்கணக்கான படங்களில், அதற்குப் பிறகு எத்தனையோ தொடர்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அப்பாவாகவும் பெரியப்பாவாகவும் ஆனவர். எனக்கு ‘சிந்து பைரவி’யில் மிருதங்கம் வாசிப்பவராக வந்த முகம்தான் உயிர். மலையாள நண்பர்களுக்கோ ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துச் சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயர். அவர் பாலக்காட்டுக்காரரே என்று நம்பியிருந்த எங்கள் மேற்பார்வையாளர், திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, விமானப் படையில் பணியாற்றி, டெல்லியில் நாடகம் போட்டவர் என்று நான் சொன்னதும் நம்ப மறுத்தார். எல்லைப்புறத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும், அடுத்தவர் பேச்சைக் கேலியில்லாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று. தமிழும் மலையாளமும் கலந்து இழுத்துப் பேசுகிற அந்தப் பேச்சில் அவர் யாரையும் தாழ்த்தவில்லை; அந்தச் சமையற்காரருக்கு ஒரு சொல்லிலும் மானம் குறையவில்லை. கடைசியில் மணி ஐயர் படம்தான் தேர்வாயிற்று. நான் விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அந்தப் படம் வந்துசேர 11 நாள் ஆனது. நான்கு நாளில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை முகூர்த்தங்கள் நடுவே வந்துவிட்டன. மூன்று முறை கம்பத்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினேன். கடையில் இரண்டு பேர்தான் வேலை என்பது எனக்குத் தெரியும். என்றாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் ஜீப் காசாவது மிஞ்சியிருக்கும். கட்டிக்கொடுப்பதிலும் அவர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. ஒற்றைச் செய்தித்தாளைச் சுற்றிச் சணலால் கட்டித் தந்த அந்தச் சட்டம், மலைச்சாலை வளைவுகளில் ஜீப் குலுங்கியதில் ஒரு மூலையில் கண்ணாடி விரிந்துவிட்டது. கண்ணாடிக்கு மட்டும் மறுபடி பணம் வாங்கினார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது நானே பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துப்போகிறேன். சுவரில் மாட்டும் கொக்கியும் மெல்லியது. பெரிய சட்டத்துக்கு இரட்டைக் கொக்கியும் சங்கிலியும் கேட்டு வாங்குவது நல்லது.

விலையைப் பொறுத்தவரை நான் கொடுத்ததைச் சொல்கிறேன். 10க்கு 12 அளவில் அச்சு, மவுண்ட், கண்ணாடி, மோல்டிங் சட்டம் எல்லாம் சேர்த்து 450 ரூபாய். 12க்கு 18 அளவுக்கு 750. இரண்டு திறப்பு வெட்டுவதற்கு 80 கூடுதல். மலிவு என்று சொல்ல மாட்டேன். படத்தைப் பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்து தருகிற கடைகளில் இதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் அப்படிச் செய்த படத்தில் ஓரம் உரியத் தொடங்கினால் திருத்த வழியில்லை. அச்சுக்கு மட்டும் ‘லேப் பிரிண்ட்’ என்று சொல்லிக் கேளுங்கள். அவசரத்துக்குக் கடையிலேயே எடுத்துத் தருகிற மை அச்சு அவ்வளவு காலம் நிறம் தாங்காது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

பாடகர் ஜெயச்சந்திரனின் படம் மாட்டிய நாளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2025 ஜனவரி 9ஆம் தேதி திருச்சூரில் அவர் காலமானார். படம் வந்ததும் மலையாள நண்பர்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் பெண்களோ ‘இவரு யாருண்ணே?’ என்று கேட்டார்கள். பாட்டுக்காரரை முகத்தால் யார் அறிவார்? நான் கைப்பேசியில் ‘ராசாத்தி உன்னை’ பாட்டைப் போட்டேன். முதல் அடி முடிவதற்குள் அறை முழுவதும் கூடவே முணுமுணுத்தது. 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்காக இளையராஜா இசையில் அவர் பாடியது அது. திரையில் அதற்கு வாயசைத்தவர் விஜயகாந்த். 2023 டிசம்பர் 28இல் முகமும் போய், ஓராண்டு கழித்துக் குரலும் போயிற்று. அந்தப் பாட்டு ஓடும்போது கம்பம் பக்கத்துத் திரையரங்கு ஒன்றின் அருகே காட்டு யானைகள் வந்து நின்று கேட்டுப் போயின என்று இளையராஜா மேடையிலேயே சொல்லியிருக்கிறார். யானை இறங்கும் காட்டின் ஓரத்தில் வாழ்கிற எங்களுக்கு அதைக் கேட்டு வியப்பு வருவதில்லை, பெருமைதான் வருகிறது. மலையாளத்தில் பிறந்த ஒருவர் ஒரு தமிழ்ச் சொல்லையும் சிதைக்காமல், ஏக்கத்தை அழுகையாக்காமல் அப்படிப் பாடினாரே என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் தம் மொழியில் ஜெயச்சந்திரன் பாடியவற்றை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்க, அன்றைய சோற்று நேரம் அரை மணி நீண்டது.

அந்த அறையில் நடந்ததை மறுவாரம் கடையில் சொன்னபோது, கடைக்காரர் படத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மவுண்ட் அட்டையின் அடியில் பெயருக்குக் கீழே பாட்டின் முதல் இரண்டு சொற்களையும் பொறித்துத் தந்தார். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் இப்போது யாரையும் கேட்பதில்லை. அந்த இரண்டு சொல்லைப் படித்ததும் தாமே பாடிவிடுகிறார்கள்.

மனோஜின் படம் ஒன்பதாவது. அல்லிநகரத்து பாரதிராஜாவின் மகன் 48 வயதில், 2025 மார்ச் 25இல் மாரடைப்பில் போனதைப் பற்றித் தேனிப் பக்கத்தில் யாராலும் இன்னும் நிதானமாகப் பேச முடியவில்லை. 1999இல் வந்த ‘தாஜ்மஹால்’ காலத்து இளமைப் படத்தைத்தான் பெண்கள் கேட்டார்கள்.

இப்போது நடிகர் ராஜேஷின் படத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். 2025 மே 29இல் காலமானவர்; நடிக்க வருவதற்கு முன் பள்ளிக்கூட வாத்தியார். ‘அந்த 7 நாட்கள்’ படத்தில் மனைவியின் பழைய காதலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்த மருத்துவரின் முகம்தான் வேண்டும் என்று கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘கண்ணு தெளிவா விழல தம்பி, இன்னொரு படம் கெடைக்குதான்னு தேடுங்க, அவசரமில்ல’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பணமும் வாங்கவில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது. மற்ற நாள் இரவு எட்டரை வரை திறந்திருக்கும்.